எட்டேகாலுக்குள்ள பிள்ளைகள கொண்டுவந்து சேத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்படி எழுதியெல்லாம் பழக்கமில்ல, குழு மீட்டிங் நடந்தா தீர்மான நோட்டுல எழுதுறதோட சரி, அதனால முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. மதுரை மாவட்டத்துல சாப்டூர் பக்கம் மலையடிவாரத்துல ஒரு கவர்மெண்ட் தொடக்கப்பள்ளில காலைச் சாப்பாடு சமைக்கிற ஆளு நான். மகளிர் குழுவுல இருந்து எடுத்தாங்க, என் ரெண்டாவது பையனும் அங்கதான் நாலாப்பு படிக்கிறான்.

இந்த முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்த 2022 செப்டம்பர் 15ல நம்ம மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. அப்ப எங்களுக்கு அது டிவில பாக்குற சங்கதி. மறுவருசம் ஆகஸ்ட் 25ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் விட்டப்பதான் எங்க ஸ்கூலுக்கும் அடுப்பும் அண்டாவும் வந்து எறங்குச்சு. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய் தனி. ஆரம்பத்துல திங்கக்கிழமைன்னா உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல்னு ஓடுச்சு. எங்கம்மா 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவு வந்தப்ப தட்டு தூக்கிட்டுப் போன பிள்ளை, அது என்கிட்ட "காலைலயும் போடுறாய்ங்களாடி"ன்னு மூணு தடவ கேட்டுச்சு.

நான் வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சு, ஆறு மணிக்கு அடுப்பு பத்த வச்சு, எட்டேகாலுக்கு பரிமாற ஆரம்பிச்சா எட்டு அம்பதுக்குள்ள முடிச்சாகணும். எங்க பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர்ல மலை மேல இருக்க பளியர்ங்கிற பழங்குடி மக்களோட குடியிருப்புப் பிள்ளைக 11 பேரு. மொதல்லெல்லாம் அவுக வந்து சேரும்போது மணி ஒம்பதரை. 4 கிலோமீட்டர் நடக்கணும், யானை நடமாட்டம் இருக்குறதால நல்லா வெளிச்சம் வராம கெளம்பவும் முடியாது. அப்பன் ஆத்தா பாதிப்பேரு மாந்தோப்புக் காவலுக்குப் போயிருப்பாக, மிச்சப்பேரு கடுக்கா, சீங்கா, கல்பாசி எடுக்க மேல ஏறியிருப்பாக, பிள்ளைகள கெளப்பி விட ஆள் கெடையாது. சோறு இங்கிட்டு ஆறிக்கிட்டிருக்கும், பிள்ளைக அங்கிட்டு நடந்துக்கிட்டிருக்கும். ஒம்பது மணிக்கு நான் அண்டாவ கழுவி கமுத்திருவேன்.

ஒருநாள் ரெண்டாப்பு படிக்கிற பொண்ணு ஒண்ணு குழாயில தண்ணி குடிச்சிட்டு வந்து, கமுத்தி வச்ச அண்டாவ விரலால ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம கிளாசுக்குப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கலங்க. மறுநாள்ல இருந்து ஒரு தூக்குல எடுத்து வச்சுப் பாத்தேன், ஆறிப்போன உப்புமா சிமெண்டு மாதிரி ஆயிருது, அதுபோக சமைச்சத அந்த நேரத்துக்குள்ள குடுக்கணும்னு விதியும் இருக்கு, அதுவும் சரிதான், பிள்ளைக வயித்து விசயம். அப்ப பிள்ளைகளத்தான் வெள்ளன கொண்டாரணும்னு நான் பொலம்ப ஆரம்பிச்சேன், அந்த பொலம்பல காது குடுத்துக் கேட்டவங்களுக்குத்தான் இந்த நன்றி.

மொத ஆளு எங்க ஊர் ஆட்டோ அண்ணே. அஞ்சாப்பு வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும், இல்லாத எடத்துல வண்டி வசதி செஞ்சு தரணும்னு கட்டாயக் கல்விச் சட்டத்துல இருக்காம், அத எங்க ஹெச்.எம் டீச்சர்தான் எடுத்துச் சொல்லி எழுதிப் போட்டாங்க. அதுக்கு பணமும் ஒதுக்குறாங்க. ஆனா ஒதுக்குன பணம் கைக்கு வர எத்தன மாசம் ஆகும்னு கேட்டா ஆபீஸ்ல மேல கைய காமிக்கிறாங்க, மேலன்னா ஆண்டவனா இன்னொரு ஆபீசான்னு தெரியல. பணம் வராத அஞ்சு மாசமும் ஆட்டோ அண்ணே ஒருநாளும் நிப்பாட்டல. டீசலுக்கு மட்டும் குடுங்க தாயி, மிச்சத்த வரும்போது பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. ரோடு முடியுற எடத்துல இருந்து மேல அரை கிலோமீட்டர் வண்டி போகாது, மழை பேஞ்சா சேறு. அங்க எறங்கி நடந்துபோய் பிள்ளைகள கூட்டியாந்து, ரெண்டு நடையா கொண்டுவந்து விடுவாரு. ஒரே நடைல பதினோரு பேர அமுக்க மாட்டாரு, அது எனக்கு அவருகிட்ட ரொம்பப் பிடிச்ச விசயம்.

அந்த அரை கிலோமீட்டருக்கு துணையா வர்ற குடியிருப்பு அப்பத்தாவ நான் விட்டா எனக்கு பாவம் சேரும். நாம என்னமோ மேலேர்ந்து உதவி பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிறோம், ஆனா ஆறரைக்கெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு எழுப்பி, தலைக்கு எண்ணெய் தடவி, கைல ஒரு கம்போட முன்னாடி நடந்து வர்றது அதுதான். யானை வாடை அடிக்குதுன்னு ஒருநாள் பாதில பிள்ளைகள அப்படியே திருப்பிக் கூட்டிப் போயிருச்சு. அன்னைக்கு 11 பேருக்குச் சமைச்சது மிஞ்சிருச்சு, மிஞ்சட்டும்.

மாந்தோப்பு வச்சிருக்க அய்யாவுக்கு ஒரு நன்றி. காவலுக்கு இருக்க குடும்பம் சீசன்ல தோப்புக்குள்ளயே குடிசை போட்டுத் தங்கிரும், பிள்ளைகளும் அங்கதான். கேட்டத் தெறந்து வைங்க, ஆட்டோ உள்ள வரட்டும்னு சொன்னதோட, குருவி வெரட்ட பிள்ளைகள நிப்பாட்டாதீகன்னு அவரே பெரியவங்ககிட்ட சொல்லிட்டாரு. தோப்புக்காரங்க எல்லாரும் இப்படி இல்ல, அத நான் இங்க எழுதப் போறதில்ல.

ஹெச்.எம் டீச்சருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன், ஸ்கூல் பக்கமே வந்ததில்ல, வீட்ல பொறந்தவன், பொறப்புச் சான்றிதழ் கெடையாது ஆதாரும் கெடையாது. வேற ஒரு எடத்துல பேப்பர் இல்லாம சேக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். எங்க டீச்சர் வயசுச் சான்று இல்லன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பக்கூடாது, சட்டமே அப்படித்தான்னு சொல்லி அன்னைக்கே பேர எழுதிட்டாங்க. வயசுக்கேத்த வகுப்புன்னு நாலாப்புல என் பையன் பக்கத்துல உக்கார வச்சு, சாயங்காலம் தனியா அ ஆ சொல்லிக் குடுத்தாங்க. பேப்பர் வேலையெல்லாம் பின்னாடி நடந்துச்சு. சாதிச் சான்றிதழ் இந்தப் பிள்ளைகளுக்கு தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ தான் குடுக்கணும், அதுக்கு அலைஞ்சது ரிட்டயர்டு கிளர்க் சார் ஒருத்தர், பஸ் காசு கூட வாங்கல. ஆறு பேருக்கு கைல கெடச்சிருச்சு, அஞ்சு பேருக்கு இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.

மலைப் பிள்ளைகளுக்கு படிப்பு ஏறாதுன்னு டீக்கடைல உக்காந்து பேசுறவுகளுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன், வெறும் வயித்தோட வந்து உக்காந்தா கலெக்டர் பிள்ளைக்கும் ஏறாது.

மதுரைல முன்னாடி புதுமண்டபத்துல மிஷின் போட்டிருந்து இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன டெய்லர் அண்ணனுக்கும் நன்றி. கவர்மெண்ட் யூனிபார்ம் இந்தப் பிள்ளைகளுக்கு தொளதொளன்னு இருக்கும், பதினோரு பேரு அளவையும் நான் நூல்ல முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன், சிரிக்காம வாங்கிட்டு ஒரே நாள்ல பிடிச்சுக் குடுத்தாரு. மதியச் சத்துணவு அக்காவுக்கு தனியா சொல்லணும், எனக்கு உடம்பு சரியில்லாத ரெண்டு நாளும் என் அடுப்பையும் அதுதான் பாத்துக்கிச்சு.

மொத நாள் எட்டேகாலுக்கு அவுக வந்து வரிசைல உக்காந்தத சொல்லாம விட முடியாது. ரவை உப்புமா. அந்த ரெண்டாப்புப் பொண்ணு விரல்ல தொட்டுப் பாத்துட்டு "இது என்னா மணலா"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டோம், அது சிரிக்கல. சாம்பார ஊத்தி பெசஞ்சு குடுத்தேன், ஒரு வாய் தின்னுச்சு, அப்புறம் தலை நிமிரல. ரெண்டாவது தடவ தட்ட நீட்டும்போது மணல் போடுங்கன்னு கேட்டுச்சு. இப்ப எங்க ஸ்கூல்ல மொத்தப் பிள்ளைகளும் உப்புமாவ மணல்னுதான் சொல்லுதுக, என் பையன் வீட்லயும் சொல்றான்.

சித்திரைல அப்பத்தா ஒரு குவாட்டர் பாட்டில்ல கொம்புத்தேன் கொண்டாந்து, மணல்ல ஊத்திக் குடு ஆத்தான்னு நீட்டுச்சு. வெளிப்பொருள் சாப்பாட்டுல சேக்க எனக்கு அனுமதி இல்ல, அத எப்படிச் சொல்றதுன்னு முழிச்சேன். டீச்சர்தான் வாங்கி பீரோல வச்சுட்டு, நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு சொட்டு நக்கிப் பாத்தோம்னு சொல்லிட்டாங்க. சொன்னதோட இல்ல, நெசமாவே நக்கிட்டோம்.

போன வாரம் எங்கள பாக்க மதுரைல இருந்து வேன் போட்டு வந்த பிள்ளைகளுக்கும் நன்றி, மழைக்கோட்டு 11ம் சரியா இருந்துச்சு. உங்கள்ல யாரோ ஒரு எவர்சில்வர் தூக்குவாளிய திண்ணைல விட்டுட்டுப் போயிட்டீங்க, மூடில "செ"ன்னு புள்ளி குத்தியிருக்கு. கழுவி வச்சிருக்கேன். வந்தா எட்டேகாலுக்கு வாங்க, கைல குடுத்துறேன்.