அங்கன்வாடி முற்றத்தில் ஒரு கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

1975 முதல் நடைபெறும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடலோர அங்கன்வாடிகளிலாவது, மரநிழலில் அகன்ற தொட்டி வைத்து, கழுவிய மணலும் சிறிது நீரும் இட்டு, வாய்க்குள் நுழையாத அளவுள்ள சங்கு, சிப்பிகளைப் புதைத்து வைத்தால், ஈரமணலின் குளிர்ச்சியையும், சிப்பியின் ஒருபுறச் சொரசொரப்பையும் மறுபுற வழவழப்பையும் பிள்ளைகள் விரலாலேயே அறிவார்கள். செலவும் பெரிதில்லை. ஆனால், கடல் நீலத்துக்காகக் கடைகளில் வாங்கும், நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் அறவே வேண்டாம்; விழுங்கினால் அவை வயிற்றுக்குள் பருத்துக் குடலை அடைத்துவிடும். சாண் ஆழத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கக்கூடும் என்பதால், பணியாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும், விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வைப்பதையும் (கொசுத் தொல்லைக்கும் அதுவே மருந்து) துறையினர் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்