தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஏன் வராது: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கொத்தனார்கள், மேஸ்திரிகள், இன்ஜினியர்கள், சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒரு ஆணி வாங்கினாலும் நம்மிடமே வந்து வாங்குபவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் தீபாவளிக்கு நம் கடையிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் வராது. புது வருடத்துக்குக் காலண்டரும் கிடையாது. கடைக்கு ஏதோ கஷ்டம் என்று பேச்சு கிளம்புவதற்கு முன்னால் நாங்களே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பணத்தில் மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு சட்டி, கொடுவாள், கையுறை, கம்பூட்ஸ் என்று ஒரு அலமாரி நிறைய வாங்கி வைத்திருக்கிறோம். அவை விற்பனைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கோவைக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இறங்கி வேலை செய்கிற தன்னார்வக் குழுக்கள் இலவசமாக எடுத்துப் போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம்.

செய்தி காதில் விழுந்த சிலர் கல்லாவிலேயே கேட்டுவிட்டார்கள். “ஏனுங்க, இது கவர்மெண்டு வேலையல்லங்களா? உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொழப்பு?”

நியாயமான கேள்விதான். குளமும் ஆறும் அரசுச் சொத்து. பராமரிக்க வேண்டியதும் அவர்கள்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் ஊர்த் தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்தால், அதிகாரி ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்து கவனிக்கக்கூடிய ஏற்பாடாக அது தெரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் கோவை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை நமக்குச் சாரலாகத்தான் வரும். அதனால்தான் பழைய காலத்து ஆட்கள் வெள்ளியங்கிரி மலையில் விழும் மழையை நொய்யல் ஆற்றில் பிடித்து, அணைக்கட்டு கட்டித் திருப்பி, குளம் குளமாக நிரப்பினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்காலைப் பாருங்கள். நரசாம்பதி குளம் நிறைந்தால் கிருஷ்ணாம்பதிக்கு, அது நிறைந்தால் செல்வாம்பதிக்கு, அங்கிருந்து முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். ஒன்றில் நிறைந்து வழிகிற தண்ணீர்தான் அடுத்ததற்கு வரத்து. நடுவில் ஒரு இடத்தில் அடைத்தால் போதும், கீழே இருக்கிற அத்தனை குளமும் காயும். அதே தண்ணீர் மேலே ஏதோ ஒரு தெருவுக்குள் புகும்.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்பது, நடந்து போய்ப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். தன்னார்வக் குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. வாய்க்கால் ஓரமாகவே நடக்கிறார்கள், எங்கே மண் மேடாகிவிட்டது, எங்கே சாக்கடையைத் திருப்பி விட்டிருக்கிறார்கள், எங்கே ஒருவர் காம்பவுண்டை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று படம் எடுத்து மனுவோடு இணைக்கிறார்கள். குளத்தில் இறங்கிக் குப்பை எடுப்பதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. எங்களுக்கு அதைவிடப் பெரிய வேலையாகத் தெரிவது இந்த நடைதான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2003-ல் வறட்சி வாட்டியபோது தொடங்கியது சிறுதுளி என்ற தன்னார்வ அமைப்பு. 2013-ல் உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் முதல் மில் தொழிலாளர்கள் வரை சட்டியைத் தூக்கிக்கொண்டு தூர்வார வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பாதிக்கும் மேல் பொய்த்தது. அதற்கு அடுத்த வருடம் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு தொடங்கி, வாராவாரம் ஞாயிறு காலையில் ஒரு குளம் என்று இறங்கியது. வெள்ளலூர் குளத்துக்கு வரும் வாய்க்காலை அவர்கள் சரிசெய்த பிறகுதான், பல வருடம் சும்மா கிடந்த அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. இப்போது கரையில் மியாவாக்கி முறையில், அதாவது நெருக்க நெருக்கமாக, நட்ட மரங்கள் அடர்ந்து நிற்கின்றன, வண்ணத்துப்பூச்சி பார்க்கவென்றே ஆட்கள் போகிறார்கள். வடக்கே குருடி மலைப்பக்கம் தொடங்கும் கௌசிகா நதிக்கென்று கௌசிகா நீர்க்கரங்கள் என்ற குழுவினர் இருக்கிறார்கள்.

நொய்யல் ஆற்றில் இன்னும் கீழே போனால் கதை வேறு. திருப்பூருக்குக் கீழே 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது. அதில் சாயக் கழிவு தேங்கி, ‘இந்தத் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள்’ என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அங்கே மண்வெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பல வருடம் இழுத்த வழக்கு, 2011-ல் கழிவு வெளியேற்றத்தை நிறுத்தாத சாய ஆலைகளை மூடும் உத்தரவில் வந்து நின்றது. பனியன் தொழிலுக்குப் பெரிய அடி, எத்தனையோ குடும்பங்களுக்கு வேலை போனது. அதை லேசாகச் சொல்ல முடியாது. ஆனால் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களின் நஷ்டமும் சின்னதில்லையே.

சரி, இனி நம் விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலே.

வாய்க்காலை அடைப்பதில் பிளாஸ்டிக்கைப் போலவே கட்டட இடிபாட்டுக்கும் பங்கு உண்டு. உடைத்த செங்கல், பெயர்த்த டைல்ஸ், காரைக்கட்டி, பழைய கான்கிரீட். பிளாஸ்டிக்கை ஒருவர் குனிந்து எடுத்துவிடலாம். ஒரு டிப்பர் இடிபாட்டை இருபது பேர் சேர்ந்தாலும் ஒரு காலையில் அப்புறப்படுத்த முடியாது, ஜேசிபி வேண்டும், டீசலுக்குப் பணம் வேண்டும். இந்த இடிபாடு எங்கிருந்து வருகிறது? வேறு எங்கிருந்தும் இல்லை, நாம் சிமெண்ட் சப்ளை செய்கிற சைட்டுகளிலிருந்துதான். இரவு நேரத்தில் வாய்க்கால் ஓரம், சங்கனூர் பள்ளம் மாதிரி ஓடைக்கரை, ஆள் நடமாட்டம் இல்லாத குளக்கரை என்று கொட்டிவிட்டுப் போவது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உங்களைக் குற்றம் சொல்லி எழுதவில்லை. வாடகை பேசி வண்டியை அனுப்பியதோடு பலரும் மறந்துவிடுகிறோம். வண்டிக்காரர் டீசலை மிச்சம் பிடிக்கப் பக்கத்திலேயே கொட்டுகிறார்.

2016-லேயே மத்திய அரசு இதற்கென்று விதி கொண்டுவந்துவிட்டது. சின்ன வீடு இடித்தாலும் சரி, இடிபாட்டைத் தனியாகப் பிரித்து, உள்ளாட்சி சொல்லும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். சாலையிலும் வடிகாலிலும் போடக் கூடாது. எனவே எங்கள் பக்கத்தில் ஒரு மாற்றம். ‘வேஸ்ட் அள்ள வண்டி நம்பர் இருந்தா குடுங்க’ என்று கேட்டால், எங்கே கொட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்த வண்டிக்காரர் நம்பரைத்தான் தருவோம். கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்பார்கள். எஸ்டிமேட் போடும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள், வீட்டுக்காரருக்குச் சொன்னால் புரிந்துகொள்வார். உடைக்காத செங்கல், நல்ல நிலையில் இருக்கும் கதவு ஜன்னல் எதையும் அனுப்பாதீர்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், நாங்கள் சொல்கிறோம்.

இன்னொரு உதவி, காலி சிமெண்ட் சாக்கு. குளத்தில் எடுக்கும் பாட்டில், துணி, டயப்பர், தெர்மாகோல் எல்லாவற்றையும் அதில்தான் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். குப்பைக் கவரில் போட்டால் உடைந்த பாட்டில் கிழித்துவிடும். காலிச் சாக்கை விற்ற காசு சைட்டில் டீச் செலவுக்கு என்பது எங்களுக்கும் தெரியும், அதில் கைவைக்கவில்லை. பத்துக்கு ஒன்று கொண்டுவந்து போடுங்கள், போதும்.

இந்தக் குழுக்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆகாயத் தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை நீர் இறங்கும் குளத்தில் அதற்கு நல்ல தீனி. சூடும் சத்தும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஞாயிறு தோறும் அள்ளலாம், சாக்கடையை நிறுத்தாதவரை அது திரும்பத் திரும்ப வரும். பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பும் மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை, அதைத் தன்னார்வலர் தலையில் கட்டக் கூடாது. குளக்கரையில் நடைபாதையும் கலர் லைட்டும் போட்டிருக்கிறார்களே என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரைக்குச் செலவு செய்த அளவு வரத்து வாய்க்காலுக்கும் செய்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். சிமெண்ட் விற்கிற கடைக்காரர் இப்படிச் சொல்கிறாரே என்று சிரிக்காதீர்கள்.

அப்புறம், அஸ்திவாரம் நிரப்பக் குளத்து மண் கிடைக்குமா என்று அந்தக் குழுக்களிடம் தயவுசெய்து கேட்க வேண்டாம். வண்டல் மண் எடுப்பதற்கு அரசு அனுமதி வேண்டும், அது வயலுக்குப் போக வேண்டியது.

கருவிகள் வேண்டும் குழுக்கள் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் கடைக்கு வரலாம். இறங்கப் போகும் குளமோ வாய்க்காலோ யார் பொறுப்பில் இருக்கிறதோ, நீர்வளத் துறையோ மாநகராட்சியோ, அவர்களிடம் வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகல் வேண்டும். அனுமதியில்லாமல் இறங்கி ஏதாவது ஆகிவிட்டால் குழுவுக்குத்தான் தலைவலி, அதற்காகத்தான் கேட்கிறோம். பொறுப்பாளர் பெயரும் போனும் எழுதிக்கொள்வோம், முன்பணம் கிடையாது. திங்கட்கிழமை கழுவித் திருப்பிக் கொடுங்கள். மண்வெட்டிப் பிடி உடைந்தால் நாங்களே புதுப் பிடி போட்டுக்கொள்வோம், ஆனால் உடைந்ததையும் கொண்டுவந்துவிடுங்கள். கம்பூட்ஸ் இப்போதைக்கு 8, 9 சைஸ் மட்டும்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று சொன்னார்கள், 5, 6 சைஸ் ஆர்டர் போட்டிருக்கிறோம். வந்ததும் கடை வாசல் போர்டில் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஹார்டுவேர் கடைக்காரர்கள்,
செல்வபுரம், கோவை