ஆய்வு நோட்டின் ஒரு நகல் சூளைக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஊத்துக்கோட்டை, சத்தியவேடு பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் கல்லூரிகளிலிருந்து ஆய்வு மாணவர்கள் வருவார்கள். எனக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும் என்பதால் துணைக்கு நானும் போவேன். அட்வான்ஸ் எவ்வளவு, யார் கொடுத்தது, ஆயிரம் கல் அறுத்தால் என்ன கூலி, ஊரில் சாவு விழுந்தால் குடும்பத்தோடு அனுப்புவார்களா, இல்லை பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்களா என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். நல்ல கேள்விகள். கொத்தடிமைப் புகார் போனால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையில் தெரிய வேண்டியதும் இதுதான்.

ஆனால் அந்தப் பதிலெல்லாம் ஆங்கில ஆய்வேடாகி நூலகத்துக்குப் போய்விடுகிறது. அதே குடும்பம் தப்பி வந்து மனு கொடுக்கும்போது கையில் ஒரு தாளும் இல்லை. கணக்கு நோட்டு மேஸ்திரியிடம். ‘இது கூலித் தகராறு’ என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ, அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மேல்தான் வைத்திருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025 மே மாதம் காஞ்சிபுரம் பாலாற்றங்கரையில் ஓர் ஏனாதிப் பழங்குடிச் சிறுவனின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்பது வயது. பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்க நிறுத்திவைக்கப்பட்டவன். அந்தக் கடனை யாராவது முன்பே கேட்டு எழுதி ஒரு தொழிலாளர் சங்கத்திடம் கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆய்வும் போராட்டமும் சேர்ந்து நின்றதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. பரீதாபாத் கல்குவாரிகளைப் பற்றி கொத்தடிமை விடுதலைக்காகப் போராடிய சுவாமி அக்னிவேஷின் அமைப்பு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. அதோடு நிற்காமல், தொழிலாளர் நிலையை ஆராய ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த டாக்டர் பட்வர்தனை அமர்த்தியது. 1983 தீர்ப்பில் அவருடைய அறிக்கைக்கும் இடம் இருந்தது. புகார் சொன்னவர்களின் கோபம் மட்டும் போயிருந்தால் குவாரி முதலாளிகள் எளிதாக மறுத்திருப்பார்கள்.

பெயரை மறைப்பது ஆய்வு ஒழுக்கம், சரி. ஆனால் அவரவர் சொன்னதை அவரவரிடமே தமிழிலோ தெலுங்கிலோ எழுதிக் கொடுப்பதில் என்ன தடை? முதலாளி கண்ணில் பட்டால் ஆபத்து என்று அந்தக் குடும்பம் பயந்தால், அவர்கள் காட்டும் சங்கத்திடம் கொடுத்து வைக்கலாம். பெயரில்லாத மொத்தக் கணக்கு, கொத்தடிமை ஒழிப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குப் போகட்டும். ஆய்வுக்கு அனுமதி தரும்போதே துறைத் தலைவர்கள் இதை நிபந்தனையாக வைக்க வேண்டும். தை பிறந்ததும் சூளைக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் செய்தால் இந்த சீசனுக்கே உதவும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஊத்துக்கோட்டை