பீர்க்கு பூக்கும் வேளை

கோயம்புத்தூர்,
பங்குனி 12.

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மொட்டை மாடியில் வைத்த பீர்க்கு பந்தலேறி, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு பூக்கள் பூத்தும், ஒரு பிஞ்சுகூட நிற்காமல் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது என்று வருந்தி எழுதியிருந்தாய். உரம் போதவில்லையோ என்று கேட்டிருக்கிறாய். உரத்தில் குறை இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு இதே கவலையில் நானும் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து வாரந்தோறும் ஊற்றினேன்; கொடி கருகருவென்று தழைத்ததே தவிர, காய் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான், காலையில் வாடிச் சுருங்கியே நான் பார்த்திருந்த பூக்கள் இதழ் விரித்து, பந்தல் முழுவதும் மஞ்சளாக நிற்பதைக் கண்டேன். நாம் சிறுவர்களாக இருந்தபோது, "பீர்க்கு பூத்துவிட்டது, விளக்கேற்று" என்று அம்மா சொல்வார், உனக்கும் நினைவிருக்கும். அந்தச் சொல்லில் ஒரு தோட்டப் பாடமே இருந்ததை இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன். பீர்க்கு அந்தியில் பூப்பது. அந்த நேரத்தில் உன் மாடி உயரத்துக்குத் தேனீக்கள் வருவது அரிது. ஆகவே அந்த வேலையை நீதான் செய்ய வேண்டும்.

நீண்ட காம்பில் கொத்தாக வருபவை ஆண் பூக்கள். தனியாக வந்து, இதழுக்குக் கீழே விரற்கடை நீளத்தில் வரிவரியான குட்டிப் பீர்க்கங்காயைத் தாங்கி நிற்பது பெண் பூ. அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூலகமுடி முழுவதும் படும்படி மெல்லத் தடவு. விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் தயாராக இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாம் நாள் பிஞ்சு பச்சை மாறாமல் நீண்டிருந்தால் காய் பிடித்துவிட்டது. பூசணிக்கும் பாகலுக்கும் இதையே காலையில் செய்ய வேண்டும். பூசணிப்பூ வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். புடலையோ, ஓரம் நூல்நூலாகப் பிரிந்த அந்த வெள்ளைப் பூவை இரவில்தான் விரிக்கும். கொடிகளில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே என்பதால், தொடக்கத்தில் மனம் தளராதே.

இங்கே பனிக்காலம் அவரையோடு முடிந்தது. தையில் அதன் நுனிக் குருத்தெல்லாம் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கறுத்துவிட்டதால், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து நான்கைந்து முறை தெளிக்க நேர்ந்தது. பகல் நீள நீள அவரை பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாசி பிறந்ததும் கொடியைப் பிடுங்கிவிட்டு, அதே பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும் போட்டேன். முதலில் விதைத்த வெண்டை விதையில் பாதிகூட முளைக்கவில்லை. வாங்கிய பொட்டலத்தில் விதையின் முளைப்புப் பரிசோதனைத் தேதியே அச்சிடப்படவில்லை. அதைப் பார்க்காமல் வாங்கியதால் இரண்டு வாரங்கள் வீணாயின. இரண்டாம் முறை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றியவை நன்றாக வந்துள்ளன. ஆனால் மூன்று செடிகளில் இலை நரம்புகள் வலைபோல மஞ்சளாகத் தொடங்கியதும் அவற்றை வேரோடு பிடுங்கிவிட்டேன். அது ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது; வெயில் கூடக் கூட ஈயும் பெருகும். பிடுங்க மனம் வராமல் விட்டுவைத்தால் பாத்தியே போய்விடும்.

சித்திரையில் தக்காளி நாற்று நடப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்பதே என் கருத்து. இரவிலும் சூடு தணியாத சென்னைக் கோடையில் தக்காளிப்பூ காயாகாமல் உதிரும். அதே வெள்ளை ஈ இலைச்சுருட்டை நோயையும் கொண்டுவரும். அந்தத் தொட்டிகளில் தண்டுக்கீரையும் கொத்தவரையும் போடு. தக்காளியை மழைக்காலம் முடியும்வரை தள்ளிவை.

கார்த்திகையில் போட்ட என் பழைய பீர்க்கங்கொடியில், நல்ல நீளமான காய் ஒன்றை விதைக்காகப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். மேல்தோல் பழுப்பேறிவிட்டது, காதருகே வைத்து ஆட்டினால் இன்னும் ஓசை வரவில்லை. விதைகள் குலுங்கும் ஓசை கேட்டதும் அறுத்து உதிர்த்து, ஆடிப் பட்டத்துக்கு உனக்குப் பாதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்துசாமி