கிளாஸ்கோவுல இருந்து அம்மைக்கு

அம்மா,

கருங்கல் சித்தி மகன்கிட்ட குடுத்துவிட்ட ஏத்தங்கா வத்தலும் உங்க லெட்டரும் கிடைச்சு ரெண்டு வாரமாச்சு. போன்ல நல்லாயிருக்கேன்னு சொல்லி உடனே வச்சிருதன்னு எழுதியிருந்திய, படிச்சதும் ஒரு மாதிரி ஆயிட்டு.

இங்க 4 மணிக்கே இருட்டிரும். ஹீட்டர் இருக்கு, எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துக்கல, ஸ்வெட்டர் ரெண்டு போட்டா போதும். சாப்பாட்டுக்கும் குறையில்ல, சோறும் முட்டையும். போன வாரம் மொளகா வறுத்தேன். ஸ்காட்லாந்துல ஒரு வீட்டுக்குள்ள இருக்க அலாரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கணும்னு 2022ல சட்டம் வந்திருக்கு, அதனால அடுப்படியில ஒண்ணு கத்துனதும் எல்லாம் சேந்து கத்த ஆரம்பிச்சிட்டு. கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்து ஒரு வார்த்தை பேசாம, பாத்திரம் தொடைக்கிற துணிய அலாரத்துக்கு நேரா வீசிக்கிட்டே நின்னாவ. சத்தம் அடங்குனதும் மூக்க உறிஞ்சிட்டு என்ன கறின்னு கேட்டாவ. இப்ப நான் தாளிச்சாலே துணியோட வந்திருவாவ.

படிப்பு புதுசா தொழில் தொடங்குறது பத்தி, ஆனா ஸ்டூடண்ட் விசாவுல இருக்கவன் இங்க சொந்தத் தொழில் பண்ணக்கூடாது, கிளாஸ் நடக்குற நாள்ல வாரம் 20 மணி நேரம் அடுத்தவன்கிட்ட வேலை பாக்கலாம், அவ்வளவுதான். எப்பிடி இருக்கு பாருங்க!

புராஜெக்டுக்கு நம்ம தேனைத்தான் எடுத்தேன். வாங்குவியளான்னு சந்தையில 10 பேர்ட்ட கேட்டேன், பத்து பேரும் வாங்குவோம்னாவ. வாத்தியார் அத அப்பிடியே தள்ளிட்டார். அப்பிடிக் கேட்டா மரியாதைக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, கடைசியா தேன் எப்ப வாங்குனாங்க, என்ன விலை குடுத்தாங்கன்னு கேளுன்னார். திரும்பப் போனா ரெண்டு பேர்தான் தேறுனாவ. ரப்பர் தேன்னு சொன்னதும் ஒரு அம்மா டயரான்னு முழிச்சாவ, பூவுல இல்ல, ரப்பர் தளிர் எலைக்காம்புல ஊறுறதத்தான் தேனீ எடுக்கும்னு வெளக்கி முடிக்க கால்மணி நேரமாச்சு.

அங்க இப்ப ரப்பர் தளிர்த்திருக்கும் இல்லையா. ராத்திரி தேனீப்பெட்டி வாசல அடைச்சு டெம்போவுல ஏத்தும்போ, பெட்டிமேல காதை வச்சா உள்ள ஒரு இரைச்சல் கேக்கும். நேத்து பஸ்ல எஞ்சின் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேன், அதே இரைச்சல், இறங்கவேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்.

அப்பா இன்னும் 50 பெட்டி வாங்க அக்கா செயின அடகு வைக்கப் போறாவன்னு எழுதியிருக்கிய. சரஸ் சரஸ்வதின்னு ஒரு நம்ம நாட்டு அம்மா, தொழில்ல கை தேர்ந்த 27 பேர்ட்ட கேட்டு ஆராய்ச்சி பண்ணியிருக்காவ. எவ்வளவு வரும்னு முதல்ல பாக்காம, போட்ட பணம் போனா தாங்குமான்னு பாத்துத்தான் அந்த மாதிரி ஆளுங்க எறங்குனாங்களாம். 1991ல தேனீப் புழுவெல்லாம் சாக்கு மாதிரி ஆகிச் செத்த நோய் வந்தப்ப தாத்தா பெட்டியெல்லாம் காலியாச்சுல்லா, கடன் இல்லாததுனாலதான திரும்ப எழும்புனாவ. அதனால செயின அடகு வைக்காண்டாம். 10 பெட்டி வாங்கட்டும், மழைக்காலத்துல தேனீக்கு சீனிப்பாகு வைக்கிற செலவையும் சேத்துக் கணக்கு போடச் சொல்லுங்க. அடுத்த மாசம் நான் கொஞ்சம் அனுப்புறேன், இந்த மாசம் புத்தகம் வாங்குனதுல செலவாயிட்டு.

அக்காவப் பாக்க வந்த குழித்துறைக்காரங்க என்ன சொன்னாவ? அத மட்டும் எழுதாம விட்டிருக்கிய.