பாட்டைத் தேடினேன், வரவில்லை

பாப்பா,

காது எப்படி இருக்கிறது? கடைசியாகப் பேசியபோது இடது காதில் ‘கொய்ங்’ என்று விடாமல் ஒரு சத்தம் கேட்கிறது என்றாய். அப்புறம் நீ பேசவேயில்லை. அது நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வை. 85 டெசிபல் என்றால் காது 8 மணி நேரம் தாங்கும், 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரம்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். மூன்று டெசிபல் ஏறியதே நமக்குத் தெரியாது. நீ விடிய விடிய மிக்ஸிங்கில் உட்காருகிறவள்.

சின்ன அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் வேலை மாறிவிட்டான். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

நேற்று ராத்திரி உன் சிங்கிளைக் கேட்கலாம் என்று தேடினேன், வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எந்த ஆப்பிலும் இல்லை. விநியோகிக்கிற கம்பெனிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் சிலர் பாட்டை எடுத்துவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னான். அதுவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் பெரிய விஷயமே இல்லை. அதே ஆடியோ ஃபைலை, அந்தப் பதிவுக்கென்று கொடுத்த அதே ஐஎஸ்ஆர்சி அடையாள எண்ணோடு திரும்ப ஏற்றினால், எத்தனை முறை கேட்டார்கள் என்ற பழைய எண்ணிக்கையும் பெரும்பாலும் கூடவே வந்துவிடுமாம். அந்த 12 எழுத்து எண், பாட்டு வெளியான அன்று நீ எனக்கு அனுப்பிய மெயிலிலேயே இருக்கிறது. எடுத்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

நல்ல பாட்டு, பாப்பா. மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் ஒரு நிமிடம் ஆஸிலேட்டரின் ஒற்றை ரீங்காரம். பிறகு அதை ஒட்டினாற்போல் இன்னொன்று வந்து சேர, இரண்டும் இழைந்து ஒரு துடிப்பு உண்டாகிறது. 220 ஹெர்ட்ஸையும் 221 ஹெர்ட்ஸையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நொடிக்கு ஒரு துடிப்பு வரும் என்று நீதான் எனக்குக் காட்டினாய். அந்தத் துடிப்பின் மேலேயே டிரம் மெஷினை ஏழு எண்ணிக்கையில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறாய். தகிட தகதிமி என்று தொடையில் தட்டினேன், சரியாக விழுந்தது. கிட்டார் வரும் இடம் இன்னும் அழகு. ஃபஸ் என்ற கரகரப்பான எஃபெக்டில் குழைந்து, அது கிட்டாரா சிந்தசைசரா என்று பிரிக்க முடியாமல் போகிறது. நான்காவது நிமிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குரலை இயந்திரம் பேசுவதுபோல் மாற்றும் வொக்கோடரில் உன் குரல் மட்டும். என்ன சொல்கிறாய் என்பது முதலில் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு அந்த ஒரு வரி என்னை விடவில்லை. பாட்டுக்காக எழுதிய வரிதானே. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிட்டார் இவ்வளவு தாமதமாக வந்தால் யார் காத்திருப்பார்கள் என்று உன்னிடம் சொன்னவர்களை எனக்குத் தெரியும். 30 நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு, அதற்குள் ஆளைப் பிடித்துவிடு என்கிறார்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமும் கிடையாது. அது பணத்தைப் பிரிப்பதற்கான விதி. பாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நீயோ அந்த எண்ணிக்கையைப் பரீட்சை மார்க் மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாய். ‘ராக்கும் இல்லை, எலக்ட்ரானிக்கும் இல்லை’ என்று விமர்சனம் எழுதியவரின் வரிகள் உனக்கு மனப்பாடம். அந்த ஏழு எண்ணிக்கையைக் கண்டுபிடித்து, நின்று கேட்டு எழுதினாரே இன்னொருவர், அவருக்கு ஒரு நன்றியாவது சொன்னாயா?

ஆலன் வேகா, மார்ட்டின் ரெவ் என்ற இரண்டு இசைக்கலைஞர்களைப் பற்றியும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர்கள் குழுவின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின், ஒரு குரல். கிட்டாரே இல்லாமல் இதுவும் ராக்தான் என்று மேடையேறினார்கள். 1978-ல் பிரஸ்ஸல்ஸில் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் கச்சேரிக்கு முன்னால் வாசித்தபோது கூட்டம் கூச்சல் போட்டு மைக்கையே பிடுங்கிக்கொண்டது. அடுத்த வருடம் ‘ட்ரீம் பேபி ட்ரீம்’ என்ற சிங்கிளை வெளியிட்டார்கள். அது அப்போது பெரிதாக ஓடவில்லை. 2005-ல் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் கச்சேரிகளை அந்தப் பாட்டோடுதான் முடித்தார். 2014-ல் தன் ஆல்பத்திலும் சேர்த்தார். எத்தனை வருட இடைவெளி பார். அந்த இருவரும் 1979-லேயே பாட்டை எடுத்துவிட்டிருந்தால் அவர் எதைப் பாடியிருப்பார்?

நீயும் அப்படிப் பெரிய ஆள் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டு அதன் பாட்டுக்கு இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். யாரும் கேட்காத நாளில்கூட இருக்கட்டும்.

ஆனால் ஒன்று, எனக்கு வருத்தம்தான். அண்ணன் அனுப்பும் மெசேஜுக்கு ஒரு ஸ்மைலி போடுகிறாய். அம்மா கூப்பிட்டால் ‘அப்புறம் பேசறேன்’ என்று வருகிறது, அந்த அப்புறம் வருவதேயில்லை. நீயே சால்டரிங் செய்து ஒரு இசைப்பெட்டியைக் கட்டி, முதல் சத்தம் வந்ததும் நடுராத்திரி எங்கள் எல்லோரையும் எழுப்பிவிட்டவள் நீ. அந்தப் பெட்டியை விற்றுவிட்டாயா? விற்றிருந்தாலும் திட்ட மாட்டேன். இரவில் தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வை.

சரி, நேராகவே கேட்டுவிடுகிறேன். பாட்டை நீயே எடுத்திருந்தால் அதையும் சொல். காரணம் கேட்க மாட்டேன். கட்டணம்தான் பிரச்சினை என்றால் எவ்வளவு என்று மட்டும் அனுப்பு, இன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். பேசப் பிடிக்காவிட்டால் ‘இருக்கேன்பா’ என்று ஒரு வரி அனுப்பு, போதும். அதுவும் வராவிட்டால் அன்றைக்கு ராத்திரியே அம்மாவும் நானும் கிளம்பிவிடுவோம். டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். நீ வெளியே போயிருந்தால் சாவி இன்னமும் மாடிவீட்டு அக்காவிடம்தானே இருக்கும்?

அப்பா