பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காரின் ஹெட்லைட் மங்கினால் அதிக வாட் பல்பு போட்டுக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளியான ஆலோசனையைப் படித்தேன். அதே யோசனையை நம்பி, உருகிப்போன பல்பு ஹோல்டரோடு நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பல நேரங்களில் பழுது பல்பில் இருப்பதில்லை. மின்சாரம் பல்புக்கு வந்து திரும்பும் வழியில்தான் இருக்கிறது. 12 வோல்ட்டில் எரியும் 60 வாட் ஹாலஜன் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். துருவேறிய எர்த் இணைப்பும் (பல்பிலிருந்து காரின் உலோக உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பச்சை பூத்த முனைகளும் வழியிலேயே மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. அது 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். அந்த நிலையில் 100 வாட் பல்பைப் பொருத்தினால், கூடுதல் மின்னோட்டம் பலவீனமான இணைப்பைச் சூடாக்குமே தவிர, சாலைக்கு வெளிச்சம் தராது.

இரு விளக்குகளும் ஒன்றாக அணைந்தால் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்ஸ்விட்ச்), ஸ்விட்ச், ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினாலோ, ஹை பீம் போட்டதும் அப்பக்கத்து பல்பின் இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கலாக எரிந்தாலோ, முதலில் எர்த்தைச் சந்தேகிக்கலாம்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் வருகிறது, ஒயரிங் சரி" என்று முடித்துவிடுவது அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் செய்யும் தவறு. மின்னோட்டமே இல்லாதபோது கெட்டுப்போன இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டத்தான் செய்யும். எஞ்சின் ஓட, விளக்கு எரிய, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. என் காரில் 1.5 வோல்ட் காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்கியதும் பழைய பல்பே பளிச்சென்று எரிந்தது; நான் செலவழித்தது ஒரு துண்டு உப்புத்தாள்தான்.

பாசிட்டிவ் பக்கத்திலும் இதே சோதனையைச் செய்யலாம். அங்கே இழப்பு அதிகமானால், ஸ்விட்ச் வழியாகச் சுற்றிவரும் மின்சாரத்தை ஃபியூஸோடு கூடிய ரிலே மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பதே சரியான தீர்வு. ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளித்திருந்தால் அது வேறு கதை. பாலிஷ் போட்டால் தெளியும்.

அந்த ஆலோசனைக்குத் திருத்தமாக இச்சோதனை முறையை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர்